தவக்காலத்தில் தம்பி ஆடிய ஆட்டம்

மகன் பெங்களூருக்குப் போகும்போது கேம் கன்சோலை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். அதில் அனிமே என்கிற ஒரே ஜப்பானியக் கார்ட்டூனை வைத்துச் செய்த இரண்டு சண்டை விளையாட்டுகள் இருந்தன, ஒன்று பழையது, மற்றது புதியது. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தம்பி மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி நடத்துகிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி பாலக்கோட்டுக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவான். மாலை வரை பழையதை ஆடுவோம். அவனை விட்டால் ஆட எனக்கு வேறு துணை கிடையாது.

பழையதில் இரண்டு வீரர்களும் பக்கவாட்டில் எதிரெதிரே நிற்பார்கள். ஒவ்வொருவரின் பெரிய அடிக்கும் தனி வரிசை உண்டு. இடது கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குச்சியைக் கீழே, முன்னே என்று தள்ளி, உடனே வலது கையால் பட்டனைக் குத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் வெறும் உதைதான் விழும். புதியதில் மலை, கடல், வானம் என்று எங்கும் பறக்கலாம். எந்த வீரனை எடுத்தாலும் ஒரே பட்டன்தான், ஒளிப்பிழம்பு கிளம்பிவிடும். பார்ப்பதற்கு அனிமே மாதிரியே இருக்கும்.

"கார்ட்டூன்ல அவனுங்க பறக்கறானுங்க. உங்க ஆட்டத்துல செவுத்துப் பல்லியாட்டம் ஒரே கோட்டுல நகர்றானுங்கண்ணா" என்பான் தம்பி.

"அது ஆட்டமே இல்லடா, சினிமா. பேரும் மூஞ்சியும் ஒண்ணுன்னா ரெண்டும் ஒண்ணாயிடுமா?" என்று மாதக்கணக்கில் அவன் வாயை அடைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் வழக்கமாக விடும் கறியை இருவருக்குமே டாக்டர் முன்பே நிறுத்தியிருந்தார். அதனால் அந்த வருடம் தவக்காலத்துக்கு விளையாட்டை விடுவது என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது.

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போவேன். ஒரு வாரம் அவனையும் கூப்பிட்டேன். மண்டியில் லோடு வருகிறது என்றான். நான் மட்டும் போனேன். முழங்கால் வலி தாங்காமல் பாதியிலேயே திரும்பினேன். வாசலில் அவன் செருப்பு கிடந்தது.

உள்ளே அவனும் என் மனைவியும் புதிய ஆட்டத்தில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். "ஓடாதீங்கண்ணி, நின்னு அடிங்க!" என்று அவன் கத்த, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"லோடு எறக்கியாச்சா?" என்றேன்.

அவன் கொஞ்சம் தடுமாறினான். "நாம வுட்டது பழைய ஆட்டத்தத்தானுங்களேண்ணா. இது ஆட்டமே இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

"வாத்தியாரு சொன்னதத்தான் தம்பி கேட்டிருக்காரு. மூணு வாரமா இதான் நடக்குது, வந்து உக்காருங்க" என்றாள் மனைவி.

மூன்று வாரம்! நான் ஜெபிக்கப் போன நேரம் பார்த்து, என் வீட்டில், என் வார்த்தையையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு இருவரும் என்னை ஏமாற்றியிருந்தார்கள். ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று நான் சாப்பிடவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவன் ஏன் புதியதற்குப் போனான் என்பது எனக்குத் தெரியும். முந்தைய வருடம் லேசாக வந்துபோன பக்கவாதத்துக்குப் பிறகு அவன் இடது கட்டைவிரல் சொன்னபடி கேட்பதில்லை. அவன் டம்ளரைப் பிடிக்கும் விதத்திலேயே அதைக் கவனித்திருந்தேன். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று சாப்பாடு முடிந்ததும் நானே பழையதைப் போட்டேன். பதினோரு முறை அவனைத் தோற்கடித்தேன். ஒவ்வொரு முறையும் அவனுக்கு வெறும் உதைதான் விழுந்தது.

"கையி கேக்கலீங்கண்ணா."

"கை என்னடா பண்ணும்? அந்தப் பொம்மை ஆட்டத்துல கெட்டுப்போனது."

"போதும் வுடுங்க" என்றாள் மனைவி. இன்னும் ஒன்று என்று சொல்லி ஆடினேன். தெரிந்தேதான் செய்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் சொன்னதில்லை. விளையாட்டுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தம்பி இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். சாப்பிடுகிறான், மழையைப் பற்றிப் பேசுகிறான். போன வாரம் நானே புதிய ஆட்டத்தைப் போட்டு, கன்ட்ரோலரை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். இன்னொன்றை நான் எடுப்பதைப் பார்த்ததும், "அண்ணிகிட்ட குடுங்கண்ணா, உங்களுக்கு இது புடிக்காது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

கொடுத்தேன். இருவரும் ஆடினார்கள். முதல் சுற்றில் அவன் ஜெயித்தான், என் பக்கம் திரும்பவில்லை.