பத்துக் கிலோவும் ஒரு கயிறும்

முடிச்சக்காவை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். மீன் குளிர்கிடங்கில் பெட்டி கட்டுவது அவர் வேலை. அங்கே சங்கம் கட்டப் போனவன் நான். அவர் கட்டியது எல்லாம் நின்றது. நான் கட்டியதில் பாதி நின்றது.

இருபத்தேழு வருடம் உறைகுளிரில் நின்று பெட்டிக்குக் கயிறு போட்டு இறுக்கினார். அவர் போட்ட முடிச்சு அவிழாது, அவிழவும் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் கத்தியால் அறுத்துத்தான் பெட்டியைத் திறப்பார்கள். பட்டப்பெயர் அப்படி வந்தது. கையுறை இன்னொரு ஜோடி வேண்டும் என்று நான்கு மாதம் போராடி வாங்கினோம். அதற்குள் அவருடைய விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. இதை எந்த அறிக்கையிலும் நிர்வாகம் எழுதவில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், மழைக்காட்டுக்குப் போகிறேன் என்றார். மரங்களை எண்ணி அளக்கிற ஆராய்ச்சிக் குழு ஒன்று பத்து நாள் உதவிக்கு எட்டுப் பேர் கேட்டிருந்தது. இவருக்கு எட்டாவது இடம். பின்னால் ஒருவர் காத்திருந்தார்.

"எதுக்குக்கா உங்களுக்கு இந்த வேலை?"

"இருபத்தேழு வருஷமா உடம்பு வேர்க்கவே இல்ல தோழர். ஒரு தடவ நல்லா வேர்த்துப் பாக்கணும்."



காட்டுக்குப் போகும் படகு சின்னது, ஆளுக்குப் பத்துக் கிலோதான் என்று குழு அனுப்பிய தாளில் போட்டிருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போனபோது கட்டில் முழுக்கச் சாமான். சட்டை, அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை வரும் காலுறை, உப்பு, டார்ச், மருந்து எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் பையில், காற்றைப் பிதுக்கி, வாயைக் கயிற்றால் இறுக்கி வைத்திருந்தார். லாரி ஓட்டுகிற கணவர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டுக்குப் போறியா, உன்னையே பார்சல் பண்ணி அனுப்புறியா?"

"உங்க லாரில அனுப்பினா வழியிலயே அவுந்து விழுந்துடுவேன். கம்முனு இருங்க."

சனிக்கிழமை குழு அலுவலகத்தின் முற்றத்தில் ஒத்திகை. கழுத்தில் விசிலைத் தொங்கவிட்ட தலைவி இரண்டு கம்பத்தைக் காட்டி, தார்ப்பாயைக் கட்டச் சொன்னார். முடிச்சக்காதான் முதலில் முடித்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"சரி, இப்போ அவுருங்க."

முடிச்சக்கா மடக்குக் கத்தியை எடுத்துச் சரக்கென்று அறுத்தார். கைதட்டல் நின்றுவிட்டது.

தலைவி துண்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். "அம்மா, தினமும் காலைல பிரிச்சு வேற இடத்துல கட்டணும். கயிறு ஆளுக்கு ஒண்ணுதான். இப்படி அறுத்தீங்கன்னா நாலாம் நாள் மழைலதான் படுக்கணும்."

இழுத்தால் அவிழும் முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார்கள். போடுவதைக் கண்ணால் பார்த்துப் போட்டுவிட்டார். ஆனால் காட்டில் இருட்டும் மழையுமாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்க வேண்டும் என்றார் தலைவி. கயிற்று நுனி எங்கே இருக்கிறதென்று மரத்துப்போன விரலுக்குத் தெரியவில்லை. தடவித் தடவித் தப்பான பக்கத்தை இழுத்து இன்னும் இறுக்கினார்.

"புதன்கிழமை மறுபடி பாக்குறேன். வரலேன்னா அடுத்த ஆளக் கூப்பிடணும். தப்பா நினைக்காதீங்க."

வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரே இழுப்பில் அவிழும் கட்டு லாரிக்காரர்களுடையது. அதைத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் கேலி செய்துகொண்டிருந்தார். கணவரிடம் வாய்விட்டுக் கேட்க இரண்டு நாள் ஆயிற்று.

"ஏங்க, உங்க கட்டு ஒண்ணு சொல்லிக்குடுங்க."

"என்னது? காது கேக்கல."

"எல்லாம் கேட்டுச்சு."

"இன்னொரு தடவ சொல்லேன், நல்லாருக்கு."

மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தார். கயிற்றை ஜன்னல் கம்பியில் போட்டு, முடிச்சக்காவைக் கண்ணை மூடி அவிழ்க்கச் சொன்னார். பக்கத்தில் நின்று சொல்லியும் அக்காவுக்கு நுனி அகப்படவில்லை. கணவர் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்து வந்து, மேசை டிராயரின் மரக் குமிழைக் கழற்றிக் கயிற்று நுனியில் கட்டினார்.

"விரல விடு. உள்ளங்கைக்குள்ள இத வச்சு இழு."

முடிச்சக்கா இழுத்தார். கயிறு அப்படியே அவிழ்ந்து காலடியில் விழுந்தது. இருபது முறை கட்டி இருபது முறை அவிழ்த்தார்.

"சரி, டிராயர எப்படித் திறப்பீங்க?"

"நீ வர்ற வரைக்கும் திறக்கல. போ."

புதன்கிழமை முடிச்சக்கா தார்ப்பாயைக் கட்டி முடித்ததும், தலைவி கயிற்றை நனைத்து அவர் கண்ணைக் கட்டிவிட்டார். முடிச்சக்கா ஈரக் கயிற்றைத் தடவினார், குமிழ் அகப்பட்டது, இழுத்தார். தார்ப்பாய் தலைவியின் தலைமேலேயே விழுந்தது. அவர் உள்ளிருந்தபடியே, "போதும்மா, எட்டாவது நீங்கதான்" என்றார்.

புறப்படும் நாள் காலையில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். படகுத்துறைத் தராசில் முள் பத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. குமிழ் கூடுதல் எடை. முடிச்சக்கா அடிவரை கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிளாஸ்டிக் வழியே உள்ளே இரண்டு ஜோடி குளிர்கிடங்குக் கையுறை தெரிந்தது.

"மழைக்காட்டுக்கா, அக்கா?"

"வேலைக்குக் கிளம்பினா கை தானா எடுத்து வச்சுடுது. நாலு மாசம் கத்தினீங்கல்ல, நீங்களே வச்சுக்குங்க."

முள் பத்துக்கு இறங்கியது. அவர் படகில் ஏறினார். மற்றப் பொட்டலங்களைப் புதுக் கட்டுக்கு மாற்றியிருந்தார், இதில் மட்டும் பழைய முடிச்சை மாற்ற மறந்துவிட்டார் போல. வீட்டுக்கு வந்து நான் கத்தி தேட வேண்டியதாயிற்று.