அசல் வந்தாச்சு

துணி ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். வெளிச்ச மேசைமேல் வெள்ளைத் துணி ஓடும்போது மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே தவறவிடும் அழுக்கை அவள் விரல் வைத்து நிறுத்திவிடுவாள். அந்தக் கண்ணுக்குத்தான் இந்தக் கேடு வந்தது. துணி முழுவதும் புள்ளிகள் நடுங்கின. துணியை அசைத்துப் பார்ப்பாள். புள்ளி கூடவே நகர்ந்தால் துணியின் அழுக்கு, இல்லாவிட்டால் தன் கண்ணுடையது. அப்படியே யாருக்கும் தெரியாமல் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. ஆள் எழுந்து போன பிறகும் உருவம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. கணவர் குளிக்கும் சத்தம் உள்ளே கேட்கும். கூடத்து நாற்காலியிலும் அவர் இருப்பார். சில நாள் காலையில் பார்த்த உருவம் மாலையில் திரும்பி வரும். அவளுக்கு உயிரே போய்விடும்.

கண் டாக்டர், கண்ணில் குறையே இல்லை என்று கைவிரித்தார். மூளை டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார். "பார்த்ததை அழிக்கிற வேலைக்கு மூளையில சில ரசாயனம் இருக்கும்மா. உங்களுக்கு அது சரியா வேலை செய்யலைன்னு நினைக்கிறோம். ஏன்னு கேட்டா எங்களுக்கே தெரியாது." அவர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர உருவத்தை விரட்டவில்லை.

பஸ் மெக்கானிக்கான கணவர்தான் அதற்கொரு வழி கண்டுபிடித்தார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் குரல் கொடுப்பார்.

"அசல் வந்தாச்சு! நகலை எழுந்திரிக்கச் சொல்லு, நான் உட்காரணும்."

"நகல் உங்களை மாதிரி வாயாடி இல்லை. அதுவே இருக்கட்டும்."

பேசினால் அவர், பேசாவிட்டால் வெறும் உருவம். அதன் பிறகுதான் அவளால் வீட்டில் நிம்மதியாக மூச்சுவிட முடிந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது நாற்காலியில் உருவம் இருந்தது. அவர் வர இன்னும் நேரமிருந்தது. தலைவலி என்று அன்று சீக்கிரமே வந்துவிட்டார் என்பது, பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அதைத் திட்டிவிட்டுப் பாத்திரம் கழுவினாள். கூடத்தைப் பெருக்கினாள். இன்னும் ஆளைக் காணோமே என்று வாசலை எட்டிப் பார்த்தாள். கொடித் துணிகளை எடுத்து மடித்து, வழக்கம்போல நாற்காலியில் வைத்தாள். துணி அவர் மடியில் நின்றது.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசரப்படுத்தினார். "எப்போலருந்து இப்படி இருக்காரு? அதை வெச்சுத்தாம்மா மருந்து கொடுக்கணும். எப்போ பார்த்தீங்க?"



"வீட்டுக்குள்ள வந்ததுமே பார்த்துட்டேன்" என்றாள்.