நான் திருத்திவிட்ட நான்கு நிமிடங்கள்

முரளி போய்விட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை காலையிலேயே என் செல்போனுக்கு வந்துவிட்டது. நான் பார்த்தது மதியம் ஒன்றரைக்கு. ஹைதராபாத் நாச்சாரத்தில் நான் வேலை பார்க்கும் வால்வு தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பார்த்தால் அவருடைய தங்கை வித்யா எழுதியிருந்தாள்: "அண்ணா போயிட்டான் அக்கா." நான் சாப்பிடவில்லை. உள்ளே திரும்பிப் போய், மேசையில் மிச்சமிருந்த வால்வுகளை ஒவ்வொன்றாக அளந்து முடித்தேன். எல்லாம் சரியான அளவில் இருந்தன. அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூடத் தவறவில்லை என்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

இதை முரளியை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அவரிடம் கம்ப்யூட்டரில் நடன இசைக்குத் தாளம் அமைக்கக் கற்ற நம் வகுப்புக்காரர்களுக்கும், அவர் டிராக்குகளுக்கு ஆடியவர்களுக்கும். வருகிற ஞாயிறு சைனிக்புரியில் அவர் வீட்டு மாடியில் கூடும்போது, அவர் கடைசியாக வாசித்த நான்கு நிமிட டிராக்கைப் போட வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அது என்னிடம்தான் இருக்கிறது. நாலு நாளாக ஏன் அனுப்பாமல் இருக்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. முரளிக்கு முப்பத்தாறு. மற்ற நால்வரும் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள். முதல் நாள் ஆளுக்கொரு சத்தம் பதிவு செய்து வரச் சொல்லியிருந்தார். நான் எங்கள் தொழிற்சாலையின் பிரஸ்ஸையும் கம்ப்ரசரையும் கொண்டுபோனேன். இருபது வருடமாகக் கேட்கிற சத்தம். ஒன்று ஐந்து எண்ணிக்கைக்கு ஒருமுறை அடிக்கும், இன்னொன்று நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை. இரண்டும் எப்போதாவது சேர்ந்து விழும்போது எனக்கு ஏனோ ஒரு நிம்மதி வரும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். முரளியும் சிரித்தார், ஆனால் மேசையை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு. வலது கையில் நான்கு, இடது கையில் ஐந்து. "ஹவ்! அக்கா, நீங்க இருபது வருஷமா டெக்னோ கேட்டுட்டு இருக்கீங்க. யாரும் சொல்லலயா?" என்றார். 'ஹவ்' என்றால் ஹைதராபாத் பேச்சில் ஆமாம்; அவர் வாயில் அது எதற்கும் வரும். அன்றைக்கு நான் பஸ்ஸில் ஹப்சிகுடா வரும் வரைக்கும் என் மடியில் இருந்த பையைத் தட்டிக்கொண்டே வந்தேன்.

அவர் திட்டவும் செய்வார். திரையில் ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டம். எந்தக் கட்டத்தில் சொடுக்குகிறோமோ அங்கே ஓர் அடி விழும். நான் ஒரு சுற்றை ஒழுங்காகப் போட்டு, அதையே அறுபத்து நான்கு முறை நகலெடுத்து ஒட்டி, வேலை முடிந்தது என்று காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அக்கா, ஒருத்தர் வாசல்ல நின்னு அறுபத்து நாலு தடவை ஒரே மாதிரி 'வாங்க, வாங்க'ன்னா, நீங்க அந்த வீட்டுக்குள்ள போவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அடுத்த வாரம் நான் கொண்டுபோனதில் எட்டாவது சுற்றில் ஓர் அடி குறைந்திருந்தது, பன்னிரண்டாவதில் ஒன்று மெலிந்திருந்தது. முழுதும் கேட்டுவிட்டு, "இப்ப வீட்ல ஆள் இருக்கு" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துச்சொல்ல இது ஒன்றுதான் உண்டு.

தீன்மார் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஹைதராபாத்தில் கல்யாண ஊர்வலம் என்றால் அந்த அடிதான்; அதைக் கம்ப்யூட்டரில் அமைத்து வரச் சொல்லியிருந்தார். ஐந்து பேரும் கொண்டுவந்தோம். ஐந்தும் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி இருந்தன. முரளி எங்களைக் கூட்டிக்கொண்டு ஹப்சிகுடா மெயின் ரோட்டுக்கு வந்து, ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குள் தள்ளிவிட்டார். யாருடைய கல்யாணம் என்றே தெரியாது. நான் ஓரமாக நின்று வாட்சைப் பார்த்து அடிகளின் இடைவெளியைக் கணக்கெடுத்தேன். அவர் வந்து வாட்சின் மேல் கையை வைத்து மூடினார். "நக்கோ, வேணாம் அக்கா. மூணாவது அடி கொஞ்சம் சோம்பேறி, தெரியுதா? அது எழுந்து வர்ற வரைக்கும் எல்லாரும் காத்திருக்காங்க. அந்த காத்திருக்கிற நேரத்துலதான் கால் தூக்குது." நான் புரிந்ததுபோலத் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினாலும் தூக்கிப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். காத்திருப்பது என் வேலையில் கிடையாது.

அவருடைய இடது கையை நான்தான் முதலில் கவனித்தேன் என்று ஒரு காலத்தில் எனக்குள் பெருமைகூட இருந்தது. டீ கிளாஸ் இரண்டு முறை நழுவியது. மேசையில் தட்டிக் காட்டும்போது ஐந்தாம் அடி பிந்தியது. "கை தூங்கிடுச்சு அக்கா" என்றார். தூங்கவில்லை. மூளையில் கட்டி. வகுப்பு நின்றது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் யாரையும் வீட்டுக்கு வரவிடவில்லை என்பதும் தெரியும். ஒரு சனிக்கிழமை மதியம் வித்யாவோடு ஆட்டோவில் என் ஃப்ளாட்டுக்கு வந்தார். தட்டினால் ஒலிக்கும் பேடை மடியில் வைத்துக்கொண்டு, என் லேப்டாப்பில் இணைத்து, நான்கு நிமிடம் நிறுத்தாமல் இரண்டு கையாலும் வாசித்தார். வித்யா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். முடித்ததும் வியர்த்திருந்தது. "பேஸ் மட்டும் சேர்த்து குடுங்க அக்கா. அடி எதையும் தொடாதீங்க" என்றார். சரி என்றேன்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான் ஃபைலைத் திறந்தேன். இடது கை அடிகள் எல்லாம் திரையில் கட்டங்களின் கோட்டுக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றும் ஒரே அளவில் இல்லை. மூன்றாம் நிமிடத்திலிருந்து வலது கையும் கோட்டைவிட்டு விலகியிருந்தது. அந்தக் கையும் போய்விட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. இதை யாராவது கேட்டால் முரளிக்கு எவ்வளவு அவமானம் என்று நினைத்தேன். குவான்டைஸ் என்று ஒரு கட்டளை உண்டு. விலகிக் கிடக்கும் அடிகளை எல்லாம் இழுத்துக் கோட்டின் மேல் வைத்துவிடும். அழுத்தினேன். எல்லா அடியும் நேரானது. கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸைச் சேர்த்தேன், சேமித்தேன், மூடினேன். வேறு நகல் எடுத்து வைக்கவில்லை. தவறானதை எதற்கு எடுத்து வைப்பது? அன்றைக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு படுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு வாரம் கழித்து லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறைக்கு வெளியே வித்யா என்னை நிறுத்தினாள். "எப்ப கொண்டு வருவாங்கன்னு கேட்டுட்டே இருக்கான் அக்கா. ரெண்டு மாசமா வீட்ல அதையேதான் பிராக்டிஸ் பண்ணான். இடது கை லேட்டா வருதில்ல, அது வர்ற வரைக்கும் வலது கைய நிக்க வெச்சு பழகினான். அதுல அவ்ளோ சந்தோஷம் அவனுக்கு. எதுக்குடா கைக்கு இந்த பாடுன்னா, 'இது புதுசு, யாராலயும் கட்டத்துல போட முடியாது'ன்னான்."

லேப்டாப் என் பையில் இருந்தது. அப்போதே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றிருக்கலாம். உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போனேன். ஹெட்போனை நானே அவர் காதில் மாட்டினேன்.

நான்கு நிமிடமும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா இருக்கு அக்கா. யார் வாசிச்சது?"

"நீங்கதானுங்க முரளி."

"ஹவ்?" வலது கையால் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ கை சரியாயிடுச்சா?"

"ஆமா" என்றேன்.

போர்வையின் மேல் கிடந்த இடது கையைத் தூக்கப் பார்த்தார். ஒரு விரல்கூட எழவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு வலது கையால் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இருந்தது எட்டு நாள். நான் மறுபடி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த டிராக்கைப் போடாதீர்கள். அதில் முரளி இல்லை. நாலு நாளாக ஒவ்வோர் அடியாகக் கோட்டிலிருந்து பின்னால் தள்ளிப் பார்க்கிறேன். எவ்வளவு தள்ளுவது? நான் தள்ளினால் அது என் தாமதம், அவருடையது அல்ல. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால், வைத்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. அவர் அதை வாசித்தபோது அந்த அறையில் இருந்தவள் நான் ஒருத்திதான். அன்றைய அந்த வாசிப்பை உலகத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த அடி கோட்டைவிட்டு விலகுகிறது என்று நான்கு நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.