அட்டையில் எழுதாத வேலை

பகல் பன்னிரண்டரை ஆகும்போது இப்போதும் எனக்கு எந்த வேலையும் ஓடாது. கடையின் பின்கட்டில் சோற்று அண்டாவைச் சாய்க்கும் நேரம் அது. கல்லாவில் யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுவிடுவேன். ஏன் நிற்கிறேன் என்று கடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் சாப்பாட்டுக் கடை என் மாமனார் வைத்தது. அவர் தம் ஐம்பதுகளின் கடைசியில் மவுத்தாகி அடக்கமானபோது அது என் கைக்கு வந்தது. அதற்கு முன் நான் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மண்டியில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் உண்டு. தோலை உதறுகிறவன் உதறுவான், தரம் பிரிக்கிறவன் பிரிப்பான், கட்டுகிறவன் கட்டுவான். ஒருவன் வேலைக்குள் இன்னொருவன் வாய் நுழையாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

கடைக்கு வந்து பார்த்தால் எல்லாம் நேர்மாறு. அடுப்பைப் பார்க்கிறவர் கறியும் வெட்டுவார். பரிமாறுகிறவர் குழம்புக்குப் புளி கரைப்பார். எல்லோரும் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வார்கள். அதிலும் அதிகமாகச் சொல்கிறவர் வெங்காயத்தக்கா.

அவர் வேடசந்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். வானம் பார்த்த காட்டில் வேலை இல்லாத மாதங்களில் வர ஆரம்பித்து, பிறகு தினமும் வந்தவர். சின்ன வெங்காயம் உரிப்பதுதான் அவர் வேலை. பின்கட்டின் நடுவில், கஞ்சி ஓடும் சிமெண்ட் ஓடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஒரு பக்கம் அடுப்பு, எதிரே சந்துக்குத் திறக்கும் பின்கதவு. சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி அந்த ஓடை வழியாகத்தான் தொட்டிக்குப் போகும். ஓடையைத் தாண்டினால் எங்கள் வீட்டு வாசல்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பகல் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவாள். சந்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஓடையை ஒரே தாவாகத் தாண்டி வீட்டுக்குள் போவாள். நான் முன்னால் கல்லாவில் இருப்பேன். பின்னாலிருந்து வெங்காயத்தக்காவின் குரல் கேட்கும்.

"ஆத்தா, நில்லு! ஏலே, அண்டாவ நிமுத்துங்கடா, புள்ள வருது!"

தினமும் கேட்ட குரல். எனக்கு அது வெறும் இரைச்சல்.

நோன்பு மாதத்தில்தான் தகராறு முளைத்தது. தலைமைச் சமையல்காரரான பண்டாரி முதல் பரிமாறுகிறவர் வரை எல்லோரும் நோன்பு. மாலைக் கஞ்சிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் உப்பு பார்க்க ஆள் கிடையாது. நுனி நாக்கில் தொட்டுத் துப்பிவிடலாம் என்று சிலர் சொன்னாலும் பண்டாரி ஒப்பவே மாட்டார். ஆகவே அந்த மாதம் முழுதும் உப்பு பார்க்கிற நாக்கு வெங்காயத்தக்காவுடையது. அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார்.

"செத்த பத்தல பண்டாரி. இன்னம் ஒரு பிடி."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நோம்பு தொறக்க வாரவுக எம் மூஞ்சியிலதான் துப்புவாக."

"துப்புனா நாந்தான் பொறுப்பு, போடுங்க."

பெருநாள் முடிந்தது. ஆனால் அக்காவின் நாக்கு நிற்கவில்லை. பண்டாரி தானே உப்பு பார்த்து இறக்கிய குழம்பையும் ஒரு சொட்டு வாங்கிப் பார்த்து, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்று சொல்லிவிட்டார். பரிமாறுகிறவர்கள் சிரித்தார்கள். பண்டாரி மாமனார் காலத்து ஆள், என்னை மாப்பிள்ளை முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அகப்பையோடு நேரே கல்லாவுக்கு வந்து நின்றார்.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன். இந்தக் கடைக்குப் பண்டாரி நானா, அந்தப் பொம்பளயா?"

"நீங்கதான்."

"அப்ப அவ வாயி ஏன் என் சட்டியில கெடக்கு? என்னயப் பழனியில கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

பண்டாரி போனால் கடை இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தோடு பழைய ஆசையும் சேர்ந்துகொண்டது. அன்று மாலையே ஓர் அட்டையை எடுத்து, மண்டியில் பழகிய கையெழுத்தில் அழகாக எழுதினேன். உப்பும் ருசியும் பண்டாரி மட்டும். அடுப்பும் சோறு வடிப்பதும் இரண்டு பேர், அவர்கள் வேறு எதையும் தொடக்கூடாது. கறி வெட்டுவதற்கு ஒருவர். பரிமாற இரண்டு பேர், பின்கட்டுக்கு வரக்கூடாது. கடைசி வரியில், வெங்காயம் உரிப்பவர், சாமான் அறையில். கீழே கோடு போட்டு, அவரவர் வேலை அவரவருக்கு, அடுத்தவர் வேலையில் பேசக்கூடாது என்று எழுதினேன்.

சாமான் அறை முன்பக்கம் இருந்தது. அங்கே அனுப்பச் சொன்னது பண்டாரி. ஆனால் எழுதியது என் கை. அட்டையைப் படித்துக் காட்டியபோது வெங்காயத்தக்கா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்த ரூம்புல வெளிச்சம் இல்லீங்களே மொதலாளி. சொவத்தப் பாத்துக்கிட்டா உக்காரச் சொல்றீக?"

"வெங்காயம் உரிக்க எம்புட்டு வெளிச்சம் வேணும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று வாரங்கள் கடை நன்றாக ஓடியது. சத்தம் இல்லை. பந்தி நேரத்துக்கு உட்கார்ந்தது. பண்டாரி பாட்டு முணுமுணுத்தார். பழைய மண்டி நண்பர் ஒருவரிடம் அட்டையைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

நாலாவது வாரத்து வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகைக்குப் போகவேண்டும் என்று சோறு வடிப்பவர்கள் வேகமாக இருந்தார்கள். இரண்டு பேரும் சாக்குத்துணியால் அண்டாவைப் பிடித்து, கண் எடுக்காமல் சாய்த்தார்கள். அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. சாய்க்கிறவன் அண்டாவைத்தான் பார்க்கவேண்டும். பண்டாரி தாளிப்பில் இருந்தார். கறி வெட்டுகிறவர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் நான் எழுதிக் கொடுத்த இடத்தில் நின்று நான் எழுதிக் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கல்லாவில் எனக்குக் கேட்டது மகளின் அலறல்.

ஓடையில் வழுக்கி, வலது கால் கணுக்கால் வரை கஞ்சிக்குள் போயிருந்தது. கொதிக்கிற கஞ்சி தண்ணீரைப்போல வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது என் சட்டையிலும் அது ஒட்டியிருந்தது. அந்தச் சட்டையை நான் பிறகு போடவில்லை.

நான் செய்த அடுத்த காரியத்தை யாரும் எனக்கு மன்னிக்க வேண்டியதில்லை.

கட்டுப் போட்டு, மகளை மனைவியிடம் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். எல்லோரும் பின்கட்டில் நின்றிருந்தார்கள். யார்மீது பாய்வது என்று தெரியவில்லை. வெங்காயத்தக்கா ஓரமாக அழுதுகொண்டிருந்தார். அவர்மீது பாய்ந்தேன்.

"நீங்க எங்க போனீங்க? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"நான் உள்ளயில்ல இருந்தேன் மொதலாளி. சொவரு மறைச்சிருச்சே..."

"ஊருல உள்ள எல்லாத்துக்கும் ஒங்களுக்கு வாய் இருக்கு. எம் புள்ளைக்கு மட்டும் ஊமையாப் போச்சா?"

பண்டாரி தரையைப் பார்த்தார். அக்கா உள்ளே போய்த் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. யாராவது கேட்டால், அவராகத்தான் நின்றுவிட்டார் என்று சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்து, கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த மகள் கேட்டாள்.

"அத்தா, அன்னைக்கு அக்கா ஏன் நில்லுன்னு சொல்லல?"

"அக்கா உள்ள இருந்தாங்கம்மா."

"அதான், சத்தமே இல்லையேன்னு ஓடி வந்தேன். சத்தம் இல்லாட்டி வரலாம்ல?"

என் மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்தக்காவ உள்ள தள்ளுனது ஆருன்னு புள்ளைட்ட சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. எட்டு வயசுக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்தப் பின்கட்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த வேலைக்கு யாரும் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாததால் என் அட்டையில் அதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை. குறுக்குப் பேச்சு என்று நினைத்து அதை அடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூர் பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"புள்ள கால் எப்படி இருக்கு?"

"ஆறிக்கிட்டு வருதுக்கா. தழும்பு நிக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"நடக்குதா?"

"கால ஊன்றா."

பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "தப்பு என் பேர்லதான். நீங்க திரும்ப வரணும். பழைய எடத்துலயே உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நூல் மில்லுல சேந்துட்டேன் மொதலாளி. கழிவுப் பஞ்சு பொறுக்குற வேலை. மில்லு பஸ்ஸே இங்கன வந்து ஏத்திக்கிட்டுப் போகுது." கொஞ்சம் சிரித்தார். "அங்கயும் ஆருக்கு என்ன வேலைன்னு எழுதித்தான் குடுத்திருக்காக. நான் வாயே தொறக்குறதில்ல."

அந்தச் சிரிப்பைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது ரோடு வரை கூட வந்தார். "இப்ப சோறு வடிக்கயில ஆரு சத்தம் குடுக்கா?" என்று கேட்டார்.

"நான் நிக்கிறேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அதைக் கிழித்ததால் பழைய கடை திரும்பி வந்துவிடவில்லை. அடுத்தவர் வேலையில் பேசாமல் இருக்க எல்லோரும் நன்றாகவே பழகியிருந்தார்கள்.

மகள் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். பகலில் வந்தால் சந்துக் கதவுக்கு வெளியே நின்றுவிடுவாள். உள்ளே சத்தம் இல்லாவிட்டால் வரலாம் என்ற கணக்கு அவளிடம் போய்விட்டது. நான் "வாம்மா" என்று சொன்ன பிறகுதான் கதவைத் தள்ளுவாள்.

ஒருநாள் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வெங்காயம் எடுக்கப் போன இடத்தில் லாரி கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. நான் சந்துக்குள் திரும்பியபோது மணி ஒன்றரை. சோறு வடித்து, ஓடை கழுவி, தரைகூடக் காய்ந்திருந்தது. கடைக்குள் எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். கதவுக்கு வெளியே வெயிலில் என் மகள் புத்தகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. பின்கட்டில் நாலு பேர் இருந்தும், யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"இப்ப வரலாமா அத்தா?"