இடது கால்

மாலை நாலு பத்து. முதலில் என் கண்ணில் பட்டது, புளியமரத்தடியில் குறுக்கே கிடந்த முறிந்த கிளை. அதற்கு அப்பால் சித்தப்பா மல்லாந்து கிடந்தார். புளி உலுக்க ஏறியவர் கிளையோடு விழுந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். விழுந்தவரை உடனே உட்காரவைத்துச் சோடா கொடுப்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி. பெட்டிக்கடைக்காரர் பாட்டிலோடு வந்துவிட்டார்.

குளத்தூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேலை முடிந்து அந்த வழியாகச் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடிதான் இறங்கினார். சித்தப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தூக்கிராதீங்க. கழுத்து எலும்பு ஒடைஞ்சிருந்தா நாமளே ஆளை முடிச்சிருவோம். ஒரு கதவைக் கழட்டிட்டு வாங்க."

"ஆளு நல்லாப் பேசுறாரு. ஒடைஞ்ச கழுத்து பேசுமா?" என்றார் கடைக்காரர்.

"சோடாவை நீங்களே குடிங்கண்ணே. ஒங்களுக்குத்தேன் மூச்சு வாங்குது" என்றார் சித்தப்பா. சிலர் சிரித்தார்கள்.

இரண்டு பேர் கதவுக்கு ஓடினார்கள். கம்பவுண்டருக்குக் கை ஒழியவில்லை. சித்தப்பாவின் கால்மாட்டில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, வலது கால் கட்டைவிரலைக் கிள்ளு. வலிக்குதாய்யா?"

"வலிக்குது" என்றார் சித்தப்பா, வானத்தைப் பார்த்தபடி.

"இப்ப இடது."

"அதுவுந்தேன். மெதுவாக் கிள்ளு ஆத்தா."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கும்பிட்டாள்.

"பெறகு என்ன? ஒக்கார வைங்கப்பா" என்றார் கடைக்காரர். இருவர் சித்தப்பாவின் அக்குளில் கை கொடுத்தார்கள்.

"எடுங்க கையை." கம்பவுண்டருக்கு அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. அந்தக் கைகள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. பிறகு விலகின.

கதவு வந்தது. கம்பவுண்டர் எண்ணிச் சொல்ல, ஆறு பேர் ஒரே மூச்சில் சித்தப்பாவை அதில் ஏற்றினார்கள். வழியில் வந்த லாரி ஒன்று அவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனது. கூடவே ஏறிய சித்தி, "கால்ல உணர்ச்சி இருக்கு, கால்ல உணர்ச்சி இருக்கு" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சித்தப்பா என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாட்டைக் கெடுக்கக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. "அதுவுந்தேன்" என்று அவர் சொன்னபோது என் விரல்கள் கிள்ளாமல் வலது காலிலேயே சும்மா இருந்தன. இடது காலை நான் தொடவே இல்லை.