புதுப் படத்தில் குழந்தைகள் இல்லை

பழைய படத்தைத் திரும்ப எடுக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. இன்று நேற்று வந்ததல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில் நான் கல்லூரி முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. எங்கள் வீட்டில் நடந்ததற்கு அந்த ஆட்கள் பொறுப்பில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கோபம் போகமாட்டேன் என்கிறது.

படம் எமலோகத்தை வைத்து எடுத்த நகைச்சுவைப் படம். ஊரில் சவரக்கடை வைத்திருக்கும் ஒருவனை ஆயுசு முடியாமலே ஆள் மாறித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் போன இடத்தில் சும்மா இருப்பானா? எமனுக்கு மீசையைத் திருத்துகிறேன் என்று உட்காரவைத்து, ஒரு பக்கத்தை மட்டும் மழித்துவிட்டு, மறு பக்கம் வேண்டுமென்றால் என்னைத் திருப்பி அனுப்பு என்கிறான். இவ்வளவுதான் கதை. அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் கறுப்பு வெள்ளையில் வந்து ஓடு ஓடென்று ஓடியதாம். இருபது வருஷம் கழித்து அதே கதையைக் கலரில் எடுத்து, சரியாகக் கல்லறைத் திருநாள் வாரத்தில் எங்கள் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். செத்தவர்களுக்காக எங்களைப் போன்ற வேதக்காரர்கள் எல்லோரும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றும் வாரம் அது. மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் சினிமாவுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அத்தைக்குத்தான். அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் மட்டும் தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அதையும் சேர்த்துப் பாஸ்கா முடிந்த வாரத்தில் வட்டியோடு பார்த்துவிடுவாள். ஒரு படம் தேறுமா தேறாதா என்று அவள் சொன்னால் எங்கள் தெருவில் அப்பீல் கிடையாது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்பா அவளுக்கு நேர் எதிர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை. வீட்டுக்கு வந்தால் கைலியைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் ரேடியோவோடு உட்கார்ந்துவிடுவார். ராத்திரி ஜெபமாலை சொல்லும்போதுகூட அம்மாவும் அத்தையும்தான் குரல் கொடுப்பார்கள், அப்பாவின் உதடு மட்டும் அசையும். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மா அந்தப் பழைய படத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போய், அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த சமயத்தில், கொஞ்சம் சிரிக்கட்டும் என்று அத்தை இழுத்துக்கொண்டு போனாளாம். எமனும் மீசையும் அம்மாவுக்கு நினைவில்லை. ஒரு இடம்தான் நினைவு. அதை எனக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லியிருக்கிறாள். சவரக்கடைக்காரன் வழி தவறி ஒரு தோட்டத்துக்குள் போகிறான். மரத்துக்கு மரம் வெள்ளைத் துணியில் தொட்டில். பேர் வைக்கக்கூடக் காத்திராமல் போய்விட்ட பிள்ளைகள் எல்லாம் அங்கே ஆடிக்கொண்டிருக்கின்றன. அவன் மூக்கைச் சுருக்கிக் காட்டுகிறான், அத்தனையும் கிளுகிளுவென்று சிரிக்கின்றன. "ஒண்ணுகூட அழுவாது தெரியுமா?" என்பாள் அம்மா.

எனக்கு முன்னால் பிறந்தது செத்தே பிறந்தது என்று அத்தை ஒருமுறை போகிற போக்கில் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் யாரும் பேசினதில்லை. நான்தான் தலைச்சன் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாட்டினி ஆட்டத்துக்கு நாலு பேர் போனோம். அம்மா, அத்தை, நான், நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. லாத்தாவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். வீட்டிலேயே வீடியோ டெக் இருந்தும், தியேட்டரில் நாலு பேர் சிரிக்கிற சத்தத்தோடு பார்த்தால்தான் லாத்தாவுக்குப் படம் பார்த்த மாதிரி. வரிச்சிக்குடியிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த கூட்டம் ஒரு பக்கம், பூவம் எல்லை தாண்டி வந்து எங்கள் ஊர் மலிவுச் சரக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்த கூட்டம் ஒரு பக்கம். எமன் திரையில் வந்ததும் பின்னாலிருந்து ஒருவன், "எமா, எம் மாமியார் வூட்டு அட்ரசு தரவா?" என்று கத்தினான். தியேட்டரே அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளை முடிந்ததும் என் காதோரம் குனிந்து, "அந்தத் தோட்டம் எப்ப வரும்?" என்றாள். வரும்மா என்றேன். சவரக்கடைக்காரன் வழி தவறினான். சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். கலர் கலராகப் புகை வந்தது. புகைக்குள்ளிருந்து பன்னிரண்டு பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். விசில் பறந்தது. தொட்டில் எதுவும் வரவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சிருச்சா?" என்று என்னைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, நனைந்த சேலைகளைப் பிழிந்து போட்டுவிட்டு, கூடத்தில் டீயோடு உட்கார்ந்தோம். அத்தை ஆரம்பித்தாள்.

"எமனாம் எமன்! பழைய எமன் ஒரு செருமு செருமுனா கொட்டாயே நடுங்கும். இவன் சளி புடிச்ச எருமை மாதிரி இருக்கான். ஒருநாள் தாங்குமா இந்தப் படம்?"

"எனக்குப் புடிச்சுதும்மா," என்றார் லாத்தா. "ஆனா மௌத்தாப் போனவங்க எடத்துல டான்ஸ் ஆடுறதுதான் மனசுக்குச் சங்கட்டமா இருந்துச்சு. அல்லா மன்னிக்கணும், அதையும் பாத்துச் சிரிச்சுட்டேன்."

அப்போது அம்மா கேட்டாள். "அந்தப் புள்ளைங்கள ஏன் எடுத்துட்டாங்க அண்ணி?"

"எந்தப் புள்ளைங்க?"

"தொட்டில்ல ஆடுமே."

"அட, அதுவா? நீளமா இருக்குன்னு வெட்டியிருப்பானுவ. இப்ப எவன் புள்ளைங்களப் பாக்க வர்றான்? அதான் டான்ஸ வச்சிட்டான்."

"வெட்டிட்டா அதுங்க எங்க போவும்?"

லாத்தாதான் மெதுவாக, "தங்கச்சி, அது சினிமாம்மா," என்றார்.

"சினிமான்னு எனக்குத் தெரியாதா லாத்தா?" அம்மாவின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "கோயில்ல சொல்ற எந்த எடத்துலயும் எம் புள்ளைக்கு எடம் இல்ல. அந்தப் படத்துல இருந்துச்சு. இத்தன வருசமா அத வச்சுத்தான் நான் கண்ண மூடுறேன். இப்ப அங்கயும் இல்லேங்குறான்."

தினம் காலைப் பூசைக்குப் போகிறவள் என் அம்மா. ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைக்கு மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, நடுவில் எங்கோ கடவுள் முகம் காணாத ஒரு மூலை என்று அந்தக் காலத்து ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண்ணிலும் அதைப் புதைக்கமாட்டார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான். கல்லறைத் திருநாளுக்குத் திருநாள் அம்மா எங்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்பக்கச் சுவரோரம் நின்றுவிட்டு வருவது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் தராத ஒரு இடத்தை ஒரு சிரிப்புப் படத்திலிருந்து எடுத்துவைத்துக்கொண்டு இவள் இருபது வருஷம் ஓட்டியிருக்கிறாள். கூடவே இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அத்தை டம்ளரை டொக்கென்று வைத்தாள். "இந்தப் பேச்ச இன்னியோட விடு. அது செத்தே பொறந்துச்சு. உசுரே இல்லாததுக்கு மோச்சம் என்ன, நரகம் என்ன? எத்தன தடவ சொல்றது ஒனக்கு?"

உள்ளறையில் ரேடியோ நின்றது. அப்பா வாசற்படியில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பொய்ய நிறுத்து. நான் தண்ணி ஊத்துனேன்."

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. லாத்தா பாவம், அவருக்குப் புரியவில்லை. "அதான் தம்பி, போற உசுருக்கு வாயில தண்ணி ஊத்துறது எங்கள்லயும் உண்டு," என்றார் ஆறுதலாக. வாயில் ஊற்றுகிற தண்ணீர் இல்லை அது. நெற்றியில் ஊற்றுகிறது. சாகப்போகிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்காமல், வீட்டிலுள்ள யாரும் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே என்று வார்த்தையை முழுக்கச் சொன்னால் அதுவே ஞானஸ்நானம். எங்கள் வீடுகளில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்துப் பிறந்த பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள் என்பதும் தெரியும்.

அம்மா எழுந்து நின்றாள்.

"அப்ப உசுரோட பொறந்துச்சா?"

"ஆமா."

"அழுதுச்சா?"

"ஒரே ஒரு தடவ."

"கண்ணு?"

"தொறந்து என்னையத்தான் பாத்துச்சு," என்றார் அப்பா. "நான் பேரச் சொல்லித் தண்ணிய ஊத்துனேன். அது சிலுத்துக்கிட்டு என்னைப் பாத்துச்சு. அதுக்கு மேல எனக்கு வாய் வரல. பிதா சுதன்னு ஆரம்பிக்கக்கூட நாக்கு எழும்பல. நான் அழுவுறதுக்குள்ள அது போயிருச்சு. கோயில் உபதேசியார் வந்து, வார்த்தைய முழுசாச் சொன்னியான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். சொன்னேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா சுவருக்கு உள்ள படுத்திருக்கும்."

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். "அடிப் பாவி. நீயும் அங்கதான இருந்த?"

"ஜன்னி கண்டு கெடந்தியேடி," அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "உசுரோட வந்துட்டுப் போச்சுன்னு கேட்டா நீயும் போயிருப்ப. நாந்தான் தம்பி வாய அடச்சேன். அப்பறம் எப்புடிச் சொல்லுறது? எப்பச் சொல்லுறது?"

அத்தை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை. உபதேசியாரிடம் ஒரு பொய் சொல்ல வாய் வராத மனுஷனுக்கு, பெற்றவளிடம் இருபது வருஷம் பொய் சொல்ல வாய் வந்திருக்கிறது! ஊர்ப்பட்ட சினிமாவுக்கெல்லாம் முடிவு சொன்ன வாய் இந்த ஒன்றைச் சொல்லாமல் எப்படி மூடிக்கொண்டு இருந்தது? லாத்தா அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். அம்மா கையை விடுவித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள், அடிக்கக்கூடப் போகிறாள் என்று நான் பயந்தேன்.

"பொண்ணா, பையனா? அதையாச்சும் மெய் சொன்னீங்களா?"

"பொண்ணுதான்."

"என்ன பேரு சொல்லி ஊத்துனீங்க?"

அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என்னை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா மறுபடியும் கேட்டாள். அப்பா சொன்னார்.

அது என் பேர்.

எனக்கு அம்மாவைப் பெற்ற ஆத்தாவின் பேரைத்தான் வைப்பதாக இருந்ததாம். ஞானஸ்நானத்தன்று கோயிலில், எதற்கும் வாய் திறக்காத அப்பா ஒற்றைக்காலில் நின்று வேறு பேரை வைக்கச் சொன்னார் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். பெண்மேல் அவ்வளவு ஆசை என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த வீட்டில் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை.

அம்மா ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் உலை வைத்தாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. நான் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எப்போதும் கூப்பிடுகிற மாதிரி அவசரமாக இல்லை, இழுத்து, மெதுவாக. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். கிணற்றடியில் ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"என்னம்மா?"

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒன்ன இல்லம்மா," என்றாள். "நீ போ."