பிரஷர் இறங்கிய ஞாயிறு

எண்பத்து நாலாம் ஆண்டு எனக்கு முப்பத்தாறு வயது. குருநகரில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. என் கணவர் கடலுக்குப் போவார். நான் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தேன். அந்த வயதிலேயே பிரஷருக்கு மூன்று வகைக் குளிசை குடித்தேன். அம்மாவும் பிரஷர் கூடி, ஒரு பக்கம் இழுத்து, பாரிசவாதத்தில் விழுந்தவர். அதனால் இது குடும்பத்தில் வருவது என்றே நினைத்திருந்தேன். உப்பைக் குறைத்தேன். எனக்கென்று தனிக்கறி வேண்டாமென்று அவரும் உப்பில்லாத குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டார். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை.

வேறு தொல்லைகளும் இருந்தன. தீராத தாகம். இடுப்பிலும் முழங்காலிலும் உளைவு. சிறுநீரகத்தில் கல் வந்து இரண்டு தரம் துடித்துப்போனேன். எல்லாவற்றையும் தனித்தனி வருத்தமென்று எண்ணி, தனித்தனியாகவே மருந்து குடித்தேன்.

இரண்டாம் தரம் கல் வந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் என் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்?"

"ஒரு குடம் காணாது, டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "கல்லு, உளைவு, தாகம், பிரஷர். உதெல்லாம் ஒரே இடத்திலையிருந்து வருதோ எண்டு பாக்கவேணும்."

இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. இரத்தத்தில் கல்சியம் மிக அதிகம். கழுத்தில், தைரொயிட்டுக்குப் பின்னால், பயறளவில் நாலு பராதைரொயிட் சுரப்பிகள் உண்டாம். அதிலொன்று வீங்கி, எலும்பிலிருந்து கல்சியத்தை உருவி இரத்தத்தில் விடுகிறதாம்.

"வெட்டியெடுத்தால் பிரஷர் மாறுமோ?" என்று என் கணவர் கேட்டார்.

"கல்லும் உளைவும் குறையும். பிரஷருக்கு நான் சத்தியம் பண்ணமாட்டன். சிலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது."

பொய் சொல்லாத அந்தப் பதில்தான் எனக்குத் துணிவு தந்தது. சம்மதித்தேன்.

புளியங்கொட்டை அளவில் ஒன்றை வெட்டியெடுத்தார்கள். அடுத்த நாள் உதடும் விரல்நுனியும் விறுவிறுத்தன. விரல்கள் தாமாக மடங்கின. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதென்று கத்தினேன். டொக்டர் ஓடிவந்து, காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். உதடு துடித்தது.

"பயப்படாதேங்கோ, உது பாரிசவாதம் இல்லை. இவ்வளவு நாளும் பட்டினி கிடந்த எலும்பு, இப்ப கல்சியத்தை அள்ளி விழுங்குது. அதாலை இரத்தத்திலை குறைஞ்சுபோச்சு."

கல்சிய ஊசி ஏற்றினார். மெல்ல மெல்ல விரல்கள் விரிந்தன.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு கிழமையில் வந்து பிரஷரைப் பார்க்கவேண்டும், அதுவரை பழைய குளிசைகளை விடக்கூடாது என்றார். அந்தக் கிழமை ஊரடங்கு. போக முடியவில்லை. மூன்று குளிசையையும் தவறாமல் விழுங்கினேன்.

ஊரடங்கு தளர்ந்த ஞாயிறு, கோயிலில் பூசைக்கு முழந்தாளிட்டு எழும்பினேன். கண் இருண்டது. விழுந்துவிட்டேன்.

"இஞ்சை பாரும், என்னைப் பாரும்!" இவர் குரல் மட்டும் எங்கோ கேட்டது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க என் கையை விடவேயில்லை.

டொக்டர் படுக்கவைத்து ஒரு தரம், நிற்கவைத்து ஒரு தரம் பிரஷர் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"படுத்திருக்க நூறு. எழும்பினால் அதுக்கும் கீழை."

"அப்ப ஆபத்தோ?" என்றார் இவர்.

"இல்லை, அண்ணை. பிரஷர் இறங்கீட்டுது. பழைய பிரஷருக்குத் தந்த மருந்து இப்ப கூடிப்போச்சு, அதுதான் விழுந்தவ."

விளங்கியதும் இவர் மரவாங்கில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க அழுதார்.

இரண்டு குளிசையை அன்றே நிறுத்தினார்கள். மூன்றாவதை நிறுத்தவில்லை; வருடக்கணக்காக அடிவாங்கிய இரத்தக்குழாய் ஒரேயடியாக மாறாது என்று டொக்டர் சொன்னார். அதுவும் பிறகு பாதியானது.

அந்த வருடம் யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு மருதனார்மடத்திலிருந்த தங்கை வீட்டுக்கு இரண்டு சைக்கிளில் போனோம். பாதிவழியில் இவர் காலூன்றி நின்றார்.

"களைச்சுப்போச்சே? கொஞ்சம் இருந்திட்டுப் போவமே?"

"எனக்குக் களைக்கேல்லை. உங்களுக்கெண்டால் சொல்லுங்கோ."

"எனக்குத்தான்" என்று ஒரு வேப்பமரத்தடியில் குந்திவிட்டார்.